ஒட்டுச்சுவரும் எட்டு மணி சீரியலும்

ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டில் போடக்கூடாது என்பதுதான் ஜெர்மனியில் எனக்குக் கிடைத்த முதல் ஞானோபதேசம். எங்கள் தெருமுனையில் கண்ணாடிக்கென்றே மூன்று பெரிய தொட்டிகள் நிற்கின்றன. வெள்ளைக் கண்ணாடிக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. வந்த புதிதில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு ஊறுகாய் பாட்டிலும் ஜாம் பாட்டிலுமாக ஒரு பை நிறையக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். இரண்டாவது பாட்டில் உடைந்த சத்தத்துக்கே கீழ்வீட்டு க்ரூகர் ஜன்னலைத் திறந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய மனிதர். “இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை” என்று விரலை ஆட்டினார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. கர்த்தருடைய நாளைப் பரிசுத்தமாக அனுசரிக்கும் ஒருவர் நம் காலடியிலேயே குடியிருக்கிறாரே என்று, நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிப் பூசைக்கு என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோயிலிலிருந்து பேரை எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்தே விலகிவிட்டேன் என்றார். பிறகு எதற்கு ஞாயிறு என்று கேட்டதற்கு “ரூஹே” என்று ஒரே வார்த்தை சொல்லி ஜன்னலை மூடிக்கொண்டார். அமைதி என்று பொருள்.

அந்தப் பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படியேறியபோது பிடித்த குழப்பம் இன்றுவரை என்னை விடவில்லை. இந்த ஊரில் சாமி வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார், அவர் போட்ட சட்டம் மட்டும் இன்னும் குடியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பெரிய வெள்ளியன்று பொது இடத்தில் ஆட்டம்பாட்டம் கூடாது என்று எங்கள் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. அன்று சிலுவை முத்தி செய்யக் கோயிலுக்குப் போனால் ஒரு டவுன் பஸ்ஸை நிரப்புகிற கூட்டம்கூட இருக்காது. திண்டிவனத்தில் எல்லாம் நேர்மாறு. பெரிய வெள்ளியன்று நாங்கள் வெறுங்காலோடு சிலுவைப் பாதை போவோம். எதிரே விழுப்புரத்திலிருந்து வரும் பஸ்ஸில் குத்துப்பாட்டு அலறிக்கொண்டு வரும். எங்களைக் கண்டதும் டிரைவர் பாட்டை அமுக்குவார். கடைசி ஆள் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து போடுவார். எந்தச் சட்டமும் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த இரண்டு பெரிய வெள்ளிகளில் எது எனக்குரியது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இங்கே இருக்கும்போது அந்தப் பஸ்ஸின் சத்தம் வேண்டும் என்றிருக்கிறது. அங்கே போனால் இரண்டாம் நாளே தலைவலிக்கிறது.

போன தவக்காலத்தில் என் அம்மா மூன்று மாத விசாவில் இங்கே வந்திருந்தாள். வந்ததற்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. அப்பா இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது, திண்டிவனத்து வீட்டில் அம்மா தனியாள். இங்கே வருவதற்கு முந்தைய ஐப்பசி மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் நல்ல அடி. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே இருப்பது ஒட்டுச்சுவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். விழுந்த சத்தம் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து தூக்கியவள் சரோஜா சித்தி, உறவில்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. செய்தி தெரிந்த அன்றே சென்னையில் ஃப்ளாட் வாங்கியிருக்கும் என் அண்ணன் தீர்மானித்துவிட்டான். அம்மா இனி அவனோடுதான் இருக்கவேண்டும், திண்டிவனத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். அவன் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. அதனால் அம்மாவைச் சம்மதிக்கவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று மாதம் கையில் இருக்கிறது, பக்குவமாகப் பேசு, திரும்பி வரும்போது விமான நிலையத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றான். வாராவாரம் பேசினாயா என்று கேட்பான். பேசிக்கொண்டிருக்கிறேன் என்பேன். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு ஷிப்டில் ஓடிக்கொண்டிருந்ததால் பேசுவதற்கு நல்ல சமயம் வாய்க்கவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மா வந்து இறங்கிய வாரம் இங்கே கார்னவல். தவக்காலத்துக்கு முன்னால் ஆசை தீர ஆடிவிடுகிற திருவிழா. நான் நர்ஸாக வேலைபார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே தலையில் கொம்பு வைத்துக்கொண்டு ஊசி போடுவார்கள். அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனபோது டிராம் நிறுத்தத்தில் ஓர் ஆயர், அதாவது பிஷப், நின்றிருந்தார். தலையில் உயரமான குல்லா, தோளில் பொன் சரிகைப் போர்வை, கையில் செங்கோல். நான் டிக்கெட் எடுத்துத் திரும்புவதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, “ஸ்தோத்திரம் சாமி” என்று அவர் முன்னால் முழங்காலிட்டுவிட்டாள். அந்த ஆள் ஒரு கணம் திகைத்தான். இன்னொரு கையில் பீர் பாட்டில் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, செங்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் தலைமேல் பெரிதாக ஒரு சிலுவை வரைந்தான். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அது வேஷம் என்று எடுத்துச் சொன்னேன். “அவன் வேஷக்காரனா இருந்துட்டுப் போறான். நான் முட்டிபோட்டது நெஜந்தானே” என்றாள். அந்தப் பதிலை எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

புதன்கிழமை தவக்காலம் பிறந்தது, ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள். விபூதிப் புதன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட வேலைபார்க்கும் ஸபீனே என்னைப் பார்த்ததும் “ஐயோ, அழுக்கு” என்று ஈரத்தாளால் நெற்றியைத் துடைத்தேவிட்டாள். அன்போடுதான் துடைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சிலுவை தாளுக்குப் போய்விட்டது. கல்லூரி நாளில் விழுப்புரம் பஸ்ஸில் நடந்தது ஞாபகம் வந்தது. சாம்பல் சிலுவையோடு ஏறிய என்னிடம் கண்டக்டர், “எந்தக் கோயில் துன்னூறும்மா இது, மேல்மலையனூரா?” என்று கேட்டார். எங்க கோயில் என்று சொன்னேன். “இன்னிக்கி அமாவாசகூட இல்லியே” என்று முணுமுணுத்துக்கொண்டே சில்லறை கொடுத்தார். அவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஆனால் சாம்பல் என்றால் சும்மா பூசிக்கொள்வதில்லை என்பது தெரிந்திருந்தது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு விபூதிப் புதனும் அம்மா தன் பழைய வயலெட் நிறப் புடவை ஒன்றை நான்காக மடித்து அதன்மேல் போர்த்திவிடுவாள். தவக்காலக் கடைசியில் கோயிலில் சுரூபங்களை வயலெட் துணியால் மூடுவதைப் பார்த்து வந்த யோசனை. ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அந்தப் புடவை விலகாது. அப்பாவுக்குக் கிரிக்கெட் போயிற்று. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் படம் போயிற்று. அம்மாவுக்குப் போனதுதான் பெரியது. எட்டு மணி சீரியல். சீரியல்கள் மாறினாலும் அதில் ஒரு மூத்த மருமகள் எப்போதும் இருப்பாள். கறியையும் மீனையும் நாற்பது நாள் விடுவது அவளுக்குப் பெரிதே இல்லை. ஒரு கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகள் மாமியாரிடம் பட்ட பாட்டை விடுவதுதான் நிஜமான ஒறுத்தல். ஆனால் கதையை விட்டுவிட்டால் நாற்பது நாள் கழித்து ஒன்றும் புரியாதே. அதற்குத்தான் சரோஜா சித்தி இருந்தாள்.

சித்தி வீட்டார் பரம்பரையாகப் பயிர் செய்கிறவர்கள். பெருமுக்கல் போகும் வழியில் அவர்களுக்குச் சொந்த நிலம் உண்டு. சித்திக்கு மாரியம்மன் என்றால் உயிர். தவக்காலம் முழுக்க அவள் எங்கள் அம்மாவுக்காகச் சீரியல் பார்ப்பாள். பார்ப்பது என்றால் சாதாரணமாக இல்லை, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. எட்டு மணிக்கு ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் சீரியலின் பாட்டு தொடங்கும். இந்தப் பக்கம் அம்மா, கதை காதில் விழாமலிருக்க, ஜெபமாலையை உரக்கத் தொடங்குவாள். ஜெபத்துக்கு இடைஞ்சல் கூடாது என்று சித்தி சத்தத்தைக் குறைப்பாள். ஏதாவது முக்கியமான கட்டம் வந்துவிட்டால் அவளையும் மீறி “அடிப் பாவி” என்று ஒரு குரல் வரும். அம்மா அடுத்த மந்திரத்தை இன்னும் உரக்கச் சொல்லுவாள். இதற்குப் பதில்மரியாதை ஆடியில் நடக்கும். கூழ் ஊற்றுவதற்காகச் சித்தி காப்புக் கட்டி ஒரு சந்தி இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் கருவாடு வறுபடாது. மரக்காணத்துக் கருவாட்டுக்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு போனாலும் அம்மா அந்த வாரம் கதவைத் திறக்கமாட்டாள். எங்களுக்கும் அவர்களுக்கும் நோன்புக்கு ஒரே பெயர்தான், ஒரு சந்தி. ஒருவர் இருந்தால் சுவருக்கு இரண்டு பக்கமும் இருக்கவேண்டியிருந்தது.

ஈஸ்டர் அன்று பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் சித்தி ஒரு தட்டு அவித்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, வந்து சப்பணம் போட்டு உட்காருவாள். உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டே நாற்பது நாள் கதையையும் சொல்லுவாள். மாமியார் பேசினால் மூக்கை விடைப்பாள். மருமகள் அழுதால் நிஜமாகவே கண் கலங்குவாள். இருட்டும்வரை போகும். அடுத்த நாள் டிவியில் பார்த்தால்தான் தெரியும், சித்தி கதையைக் கொஞ்சம் திருத்திவிட்டிருக்கிறாள் என்று. ஒருமுறை அவள் சொன்ன கதையில் வில்லி லாரியில் அடிபட்டுச் செத்தே போனாள். திங்கட்கிழமை டிவியில் அதே வில்லி பட்டுப்புடவையோடு நடந்து வந்தாள். அம்மா சுவரைத் தட்டி நியாயம் கேட்டாள். “அது அவ தங்கச்சிக்கா” என்று அந்தப் பக்கத்திலிருந்து சித்தி சளைக்காமல் பதில் சொன்னாள். சித்தியின் கதைதான் எப்போதும் ஒரு படி மேல்.

இங்கே அம்மாவுக்குப் பொழுது போகவில்லை. கூண்டில் விட்ட மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது கூடத்துச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். “இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட யாருடி கீறாங்க?” என்றாள். ஒரு பையன், கம்ப்யூட்டர் வேலை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடுவான் என்றேன். “ஒரு சத்தமும் வரல. உசுரோட கீறானா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஸபீனே ஒரு சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நெற்றியைத் துடைத்ததற்கு அவளுக்கு இன்னும் வருத்தம். அவளும் தவக்காலத்தில் ஃபாஸ்டன், அதாவது நோன்பு, இருக்கிறாள். க்ரூகரைப் போலவே அவளும் கோயிலை விட்டு விலகியவள்தான். ஆனாலும் வருஷம் தவறாமல் இந்த நாற்பது நாளும் ஒயினையும் சர்க்கரையையும் விட்டுவிடுகிறாள், ஈரலுக்கு நல்லது என்று. அதனால் அந்தக் கேக்கில் சர்க்கரை இல்லை. அம்மா மரியாதைக்கு இரண்டு துண்டு தின்றாள். நீங்கள் எதை விட்டிருக்கிறீர்கள் என்று ஸபீனே கேட்டாள். சீரியலை என்று நான் மொழிபெயர்த்தேன். அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மனதுக்கு மிக நல்லது, மூளை ஓய்வெடுக்கும், உங்கள் அம்மா எவ்வளவு நவீனமான பெண்மணி என்று பாராட்டினாள். என்ன சொல்லுகிறாள் என்று அம்மா கேட்டாள். உன் உடம்புக்கு நல்லதாம் என்றேன். “ஒடம்புக்கு நல்லதுன்னா அது வைத்தியம். ஒறுத்தல் எங்க ஆச்சி?” என்றாள் அம்மா. இதை நான் ஸபீனேவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அம்மா நன்றி சொல்லுகிறாள் என்று மட்டும் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

நடுவில் நின்ற என் நிலைமைதான் கேவலம். அந்தத் தவக்காலத்தில் நான் விட்டது செல்போனில் குட்டிக்குட்டி வீடியோ பார்ப்பதை. சமையல், நாய், நகைச்சுவை, பிரசங்கம் என்று விரல் தள்ளித்தள்ளி வரும் அத்தனையும். ஆண்டவருக்காக விட்டேனா, ஸபீனேவைப் போல மூளைக்காக விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. விட்டதை யாரிடமும் கொடுத்துவைக்கவில்லை. நான் பார்க்காமல் விட்டதால் எதுவும் எங்கேயும் காத்திருக்கவும் இல்லை. டிராமில் கட்டைவிரல் தானாகத் துடித்தது. அம்மாவின் அலைச்சலைப் பார்க்கச் சகிக்காமல், சீரியல் வருகிற செயலி ஒன்றை ஏற்றிப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினேன். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள், வயசான காலத்தில் ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றேன். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அங்க சரோஜா எனக்காகப் பாத்துக்கினு இருப்பா. நான் இங்க திருட்டுத்தனமா பாத்துட்டா அவ பாக்கறது வீணாப் போவாதா?” என்றாள். டிவியை அணைத்தேன். மறுநாள் டிராமில், செயலி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். பிறகு தவக்காலம் முடியும்வரை ஒரு நாள் விடாமல் மூத்த மருமகளோடுதான் வேலைக்குப் போனேன்.

அண்ணன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். அவன் வீட்டில் லிப்ட் உண்டு, கீழேயே மருந்துக்கடை, நடக்கிற தூரத்தில் கோயில், எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். எதற்கும் மறுப்பில்லை. “பெத்த புள்ள கூப்புடறான். வேணான்னு சொல்ல என் வாயி வரல. ஈஸ்டர் முடியட்டும்” என்று மட்டும் சொன்னாள். அன்று மாலையே அண்ணனுக்குப் பாதி சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அவன் அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறைக்குப் புதுக் கட்டில் பார்க்க ஆரம்பித்தான். எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும், வரவில்லை. சித்தி போன் செய்யும்போதெல்லாம் அம்மா சீரியலைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள், கேட்பது நோன்பை முறிப்பது. பார்க்கிறாயா என்று மட்டும் கேட்பாள். “ஓடிக்கினுதான்கா கீது” என்பாள் சித்தி. உடனே மல்லாட்டை விலைக்கும் மழைக்கும் பேச்சு தாவிவிடும்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. கிடைத்த கோழியில் பிரியாணி செய்தேன். திண்டிவனத்தில் பொழுது சாயும் நேரம், இங்கே சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து வீடியோவில் சித்தியைக் கூப்பிட்டோம். சித்தி புதுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தட்டு நிறைய அவித்த மல்லாட்டை. அவள் உட்கார்ந்திருந்தது எங்கள் வீட்டுக் கூடம். சாவி அவளிடம்தான் இருந்தது. பின்னால் டிவியின்மேல் வயலெட் புடவை அப்படியே மூடிக் கிடந்தது. அம்மா இங்கே கிளம்புமுன்பே அதைப் போர்த்திவிட்டு வந்திருக்கிறாள். அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, “சொல்லுடி, மூத்த மருமவ வூட்ட வுட்டுப் போனாளா?” என்றாள்.

சித்தி ஒரு மல்லாட்டையை உடைத்தாள். அதை வாயில் போடாமல் தட்டிலேயே போட்டாள். “யக்கா, நான் பாக்கலக்கா” என்றாள்.

எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று அம்மா கேட்டாள். ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை என்று சித்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “மொத நாளு போட்டேன்கா. எட்டு மணி ஆச்சி, இந்தாண்டேர்ந்து உன் ஜெப சத்தம் வரல. வால்யூம கொறைக்கறதா வேணாமான்னே தெரியல எனக்கு. பேஜாராப் போச்சு. அமுத்திட்டுப் படுத்துட்டேன். அப்பால போடவே மனசு வரல.”

எனக்கோ உள்ளே பரபரத்தது. இரண்டு பேரும் தவிக்கிற கதை முழுக்க என்னிடம் இருக்கிறது. நானே சொல்கிறேன் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா திரும்பிப் பார்த்தாள். டிராமில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வேகமாக ஆரம்பித்தேன். மருமகள் வீட்டைவிட்டுப் போனது, மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது, சொத்துப் பத்திரம் காணாமல்போனது, சின்னவன் திருந்தியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஷிப்ட் முடியும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற மாதிரி, யாருக்கு என்ன, இப்போது நிலைமை என்ன என்று சொல்லி முடித்துவிட்டேன். பிரியாணித் தட்டுகூட இன்னும் காயவில்லை. போனுக்குள் சித்தியும் மேசையில் அம்மாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். “சரி பாப்பா” என்றாள் சித்தி, குழந்தை தப்பும் தவறுமாகப் பாட்டு ஒப்பித்ததும் சொல்வது போல. பிறகு அம்மாவிடம், “அந்த மாமியாருக்கு நெஞ்சுவலி வந்துச்சே, நெஜமா வந்துச்சா, நடிச்சாளான்னு பாப்பாவுக்குச் சொல்லத் தெரியல பாருக்கா” என்றாள்.

அம்மாவின் முகத்தில் அவள் வந்த நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு வெளிச்சம். “அவ நடிச்சிருப்பா. நான் வந்துர்றேன். மொதல்லேர்ந்து போட்டு ரெண்டு பேருமாப் பாக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பொடவைய எடுக்காத” என்றாள். எங்கே வருவாய் அம்மா, திண்டிவனத்துக்கா என்று நான் கேட்டேன். அண்ணன் வாங்கிய புதுக் கட்டில் என் கண்முன் வந்தது. “பின்ன எங்கடி?” என்றாள் அம்மா. இத்தனை வாரம் வராத வாய் அவளுக்கு அப்போது வந்துவிட்டது. “நான் இல்லன்னு அவளும் நாப்பது நாளு ஒரு சந்தி இருந்துக்கிறா. அவன் வூட்ல எனக்கோசரம் யாரு இருப்பாங்க, சொல்லு.”

நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். குழாயைப் பெரிதாகத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன். அம்மா அண்ணனோடு போகாதது எனக்குத் துக்கமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சித்திமேல் பொறாமை. நான் எதையும் விடாமல் பார்த்தேன், அவள் நாற்பது நாளும் எதையும் பார்க்காமல் விட்டாள். உயிர்ப்பு ஞாயிறு அவளுக்குத்தான் வந்தது. எங்கள் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் அவள், பூசை தவறாதவள் நான்.

அண்ணன் கொதித்துப்போனான். மறுபடி விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டான். போன தடவை யாருக்குக் கேட்டது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் வருத்தமும் நியாயம்தான். பெற்றவளை வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவனிடம், உன் வீட்டைவிட ஒரு ஒட்டுச்சுவர் பெரிது என்று எப்படிச் சொல்வது. கடைசியில் இறங்கிவந்தான். திண்டிவனத்துக் குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பி வைத்தான், தரைக்குச் சொரசொரப்பான கல் பதித்தான். சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பார்க்கிறான். விசா முடிந்து அம்மா ஊர் திரும்பியபோது சென்னை விமான நிலையத்தில் காத்திருந்து அவளை அழைத்துக்கொண்டு, நேரே திண்டிவனத்தில் கொண்டுபோய் விட்டதும் அவன்தான். வயலெட் புடவையை அன்று அம்மாவும் சித்தியுமாகச் சேர்ந்து எடுத்தார்களாம்.

இப்போது தவக்காலம் இல்லை. ஆனாலும் நான் அந்தச் செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டேன். சீரியலில் இப்போது என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. டிராமில் சும்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போகிறேன். விரல் இன்னும் துடிக்கத்தான் செய்கிறது. எனக்காகப் பார்த்துவை என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், “மறக்காம சொல்றேன். ஆனா ஜல்தி ஜல்தின்னு அவசரப்படுத்தக் கூடாது” என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சீரியல் கிடையாது, எனக்கு வேலை கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் கதை.

போன ஞாயிறும் அப்படித்தான். காலிப் பாட்டில் பை திங்கட்கிழமைக்காக வாசல் கதவோரம் நின்றிருந்தது. கட்டடம் முழுக்க ரூஹே. கீழே க்ரூகர் வீட்டில் நாற்காலி நகருகிற ஓசைகூட இல்லை. என் காதில் மட்டும் திண்டிவனம் ஓடிக்கொண்டிருந்தது. தெருக்கோடி அம்மன் கோயில் ஒலிபெருக்கி, ஆட்டோ ஹாரன், நடுவில் அம்மாவின் குரல். மாமியாருக்கு உயிர் போய்விட்டது, இந்த முறை நிஜமாகவே போய்விட்டது என்று அம்மா தழுதழுத்தாள். அப்புறம் என்றேன். அதற்குள் ஒட்டுச்சுவரைத் தாண்டி, அம்மாவின் போனைத் தாண்டி, கடல் தாண்டி சித்தியின் குரல் வந்தது. “போவலக்கா. அது அவ தங்கச்சி.”

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாபகம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.